கொலைகாரனுக்குக் கொடுத்த குரல்

என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வானொலி நாடகத்தில் மருமகனை விரட்டும் மாமனார், விளம்பரத்தில் முழங்கால் வலிக்காரர், சாலைப் பாதுகாப்புக் குறும்படத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர், எல்லாம் நான்தான். பிழைப்பு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. குரல் கொடுப்பது பக்க வேலை. இருபத்தைந்து வருடமாகச் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். தன்னடக்கம் எனக்கு வராது. வராததை வரவழைத்துப் பேசினால் கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது.

ஆரம்பம் கோயிலில். நாங்கள் கத்தோலிக்கர்கள். பதினைந்து வயதிலிருந்து தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று, இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வாசிப்பது வழக்கம். நல்லவர்களின் வரிகள் வேறு யாருக்காவது போகும். காட்டிக்கொடுத்தவன், மறுதலித்தவன், பழிபோட்டவன் என்று உருப்படாத ஆட்கள் அத்தனை பேரும் என் பங்கு. முடிந்ததும் வாசலில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு உன்னை அடிக்கலாம்போல் இருந்தது என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. என் அண்ணன் மட்டும் அந்த ஒரு ஞாயிறு வேறு கோயிலுக்கு, ஆங்கிலப் பூசைக்குப் போய்விடுவார். கூட்டம் ஒத்துவரவில்லை என்பார். நானும் வருடக்கணக்கில் அதை நம்பினேன்.

சென்ற வருடம் ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அமெரிக்கக் குற்றக் கும்பல்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை வாங்கித் தமிழில் போடப்போகிறார்கள், மூன்று பாகம். முதல் பாகமும் கடைசிப் பாகமும் வேறு ஆட்களுக்கு. நடுப்பாகம் முழுக்க ஒரே மனிதன். கும்பல் தலைவனுக்காகப் பல பேரைக் கொன்றவன், பிடிபட்டதும் அரசாங்கத் தரப்புக்குத் தாவி, நீதிமன்றத்தில் தலைவனுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியவன். அதற்குக் கைம்மாறாகத் தண்டனை குறைந்தது, புதுப் பெயர், புது ஊர். வயதான பிறகு கேமராவுக்கு முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசுகிறான். அவனுக்குத் தமிழில் நான் குரல் கொடுக்க வேண்டும். எனக்கென்றே செய்து வைத்த வேலை என்று நினைத்தேன்.

பேட்டிக்குக் குரல் கொடுக்க ஒரு முறை உண்டு. பேசுகிறவரின் சொந்தக் குரல் முதல் இரண்டு மூன்று வார்த்தை கேட்கும். பிறகு அதைத் தணித்துவிட்டு நம் குரலை மேலே ஏற்றுவார்கள். கடைசியில் நாம் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ள, அவர் குரல் மறுபடியும் ஒரு வார்த்தை கேட்கும். பார்க்கிறவர்களுக்கு இது நிஜமான ஆள் என்ற நம்பிக்கை வருவதற்காக.

முதல் நாள் நான் கரகரவென்று இறங்கி அடித்தேன். பாதியில் இயக்குநர் நிறுத்திவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது, என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறவள். எனக்கு அந்த வார்த்தையே ஆகாது.

"அங்கிள், இவரு யாரையும் மிரட்டல. வீட்டுல பைப் ஒழுகுச்சு, ஆளக் கூப்பிட்டு சரி பண்ணேன்னு சொல்ற மாதிரி சொல்றாரு. நீங்க படத்துல வர்ற வில்லன் மாதிரி பண்றீங்க. டூ மச் லா."

கோபம் வந்தது. ஆனால் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவன் குரலை உயர்த்தவே இல்லை. நான் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். எம்ஆர்டி ரயிலில் ஏறிக் கம்பியைப் பிடித்தவுடன் எனக்கு அந்தக் குரல் கிடைத்துவிட்டது. அது அண்ணனுடைய குரல்.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் தஞ்சோங் பகாரில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர், நல்ல உயரம். இருபது வயதில் ஒரு கும்பலோடு சுற்றினார். பெரிய ஆள் ஒன்றும் இல்லை, உயரத்துக்காகக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு பையனை அவர்கள் வெட்டினார்கள். அவன் வேறு கும்பலோடு சேர்ந்துவிட்டான் என்று சந்தேகம். பையன் எங்கள் கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தவன். பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது கை சரியாக மடங்காது.

மூன்றாம் நாள் அண்ணன் தானாகவே போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய், யார் யார் இருந்தார்கள் என்று எல்லாப் பெயரையும் சொன்னார், தன் பெயரையும் சேர்த்து. எல்லோரும் உள்ளே போனார்கள், அவரும் போனார். வெளியே வந்தபோது அவருக்குப் போட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் காத்திருந்தது. பையனை வெட்டியவர்களைவிட அண்ணனைத்தான் ஜனங்கள் அதிகமாக வெறுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கும்பல் தலைவனின் அம்மாவும் எங்கள் அம்மாவும் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அந்த அம்மா எழுந்து நான்கு பெஞ்சு தள்ளிப் போனார். எங்கள் அம்மா சாகும்வரை அந்தப் பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்தார்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு காப்பிக்கடையில் அண்ணன் என்னிடம் அதைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். கடைசித் தடவையும் அதுதான்.

"நாலு பேர் வெட்டினாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு கையையும் பின்னால வளைச்சுப் பிடிச்சுக்கிட்டேன். அவன் திரும்பித் திரும்பி என்னையே பாத்தான்."

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நின்று, மூக்கால் மெல்ல மூச்சு விட்டு, மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அண்ணிக்கு இது தெரியும், மகளுக்குத் தெரியாது. அப்போது அவள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அண்ணன் சொன்னார்: "புள்ளைக்கு நான்தான் சொல்லணும். வேற யார் வாயிலருந்தும் அவ கேக்கக் கூடாது. என்னைக்குச் சொல்வேன்னு தெரியல. அதுவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்."

பதினைந்து வருடம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவிக்குக் கும்பல், போலீஸ் என்று மேலோட்டமாகத் தெரியும், அந்தக் காப்பிக்கடைப் பேச்சு தெரியாது. ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இரண்டாவது நாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து அண்ணன் குரலில் ஆரம்பித்தேன். தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால் பச்சைப் பொய். தெரிந்துதான் எடுத்தேன். அந்த நிறுத்தத்தை எடுத்தேன், அந்த மூச்சை எடுத்தேன், முன்னால் இருந்த மேசையைக் கட்டைவிரலால் தேய்க்கவும் செய்தேன். "காரை நான் ஓட்டினேன். பின்சீட்டில் இருந்தவர் சுட்டார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனோம்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் காதில் போட்டிருந்ததைக் கழற்றாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பேரைக் கொன்றவன்மேல் பரிதாபம் வந்துவிட்டது அங்கிள், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அங்கிள் என்றதுகூட அன்று இனித்தது. இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தேக்காவில் இறங்கி மனைவிக்கு அல்வா வாங்கினேன்.

பெருமை பேச வேண்டாமா? ஒரு பகுதியைக் கைப்பேசியில் வாங்கி வந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று வாக்கியம் போயிருக்கும். அவள் கை நின்றது.

"இது உங்க அண்ணன்ல?"

நான் சிரித்து மழுப்பினேன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், குரல் ஒத்துப்போகும் என்றேன். அவள் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, இது ஒத்துப்போகிற குரல் இல்லை, மனுஷன் அப்படியே உட்கார்ந்து பேசுகிறார், எனக்கே தெரிகிறது, அவர் மகளுக்குத் தெரியாதா என்று கேட்டாள். கோயிலில் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் குரலைக் கேட்டால், போலீசிடம் போனவன் கதைக்கு இதைவிடப் பொருத்தமான குரல் ஏது என்று உடனே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அண்ணன் மகள் காதிலும் விழும். மனைவி சொன்னது அத்தனையும் நியாயம். அதனாலேயே எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். யார் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கப்போகிறார்கள்? பார்த்தாலும் நடிப்பு என்றுதானே நினைப்பார்கள்? கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் குருத்து ஞாயிறு ஞாபகம் வந்தது. காட்டிக்கொடுத்தவன் பங்கை வருடா வருடம் நான் ரசித்து ரசித்து வாசித்ததும், அந்த ஒரு நாள் மட்டும் அண்ணன் கோயில் மாறிப் போனதும் ஒன்றோடொன்று சேர்ந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் என் அண்ணன் ஏன் வரவில்லை என்று தெரியாத நான், மனிதக் குரலைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஒளிபரப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அண்ணன் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் இருக்கிறார். முதலாளி வருவதே அபூர்வம், எல்லாம் அண்ணன் பொறுப்பு. மத்தியானம் போனேன். உண்மையைச் சொல்கிறேன், போகும்போது எனக்குப் பெரிய பயம் இல்லை. எங்கள் வீட்டில் சின்னவன் நான். ஒன்றைச் செய்துவிட்டு முன்னால் போய் நின்றால் அண்ணன் "சரி போடா" என்பார். ஐம்பது வருடமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. இன்றும் அப்படியே நடக்கும் என்று நம்பித்தான் போனேன். எதற்காக வந்திருக்கிறேன் என்று முழுதும் சொன்னேன். காப்பிக்கடையில் அவர் பேசியதை எடுத்து ஒரு கொலைகாரன் வாயில் வைத்துவிட்டேன் என்ற இடத்தில் மட்டும் நாக்கு குழறியது.

அண்ணன் கையை நீட்டினார். கைப்பேசியைக் கொடுத்தேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் பங்களாதேஷ் தொழிலாளி ஒருவர் வந்து துளை போடும் ஊசி கேட்டார். நிறுத்திவிட்டு, அளவு கேட்டு எடுத்துக் கொடுத்து, மறுபடி போட்டார். ஒரு சீன மூதாட்டி கதவுக் கீல் வேண்டும் என்று வந்தார். அதையும் பொறுமையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்டார். ஏழு நிமிடப் பகுதி முடிய அரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு இடத்தை மட்டும் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மகளைப் பற்றிப் பேசுவார், கோயில் ஆட்களைப் பற்றிப் பேசுவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதையெல்லாம் தொடவே இல்லை.

"சாப்பிடப் போனோம்னு சொல்றான்ல, அந்த எடத்துல நீ மூச்சு விடுற. அவன் விடல. மொதல்ல ரெண்டு வார்த்த அவன் சொந்தக் கொரல் கேக்குதுல்ல, நல்லாக் கேட்டுப் பாரு. அதுல ஒண்ணுமே இல்லடா. அவனுக்கு வருத்தமே கெடையாது. என் மூச்ச எடுத்து அவனுக்கு வருத்தம் இருக்கற மாதிரி பண்ணிட்ட."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அந்தப் பையன் பாத்த பார்வைக்கு எனக்கு வந்தது அது. முப்பத்தஞ்சு வருசமா வெச்சிருக்கேன். அத அவனுக்குக் குடுக்காத. மாத்து."

"சரி போடா" என்ற வார்த்தை வரவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டி திருகாணியை எடுத்து அளவுவாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்து கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றேன். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒரு ஈவிரக்கமற்றவனுக்கு நான் பரிதாபம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் என் அண்ணனிடமிருந்து திருடி. அதை என் சிறந்த வேலை என்று கொண்டாடி அல்வா வேறு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் இயக்குநரிடம் போய், முழுதும் மறுபடி பேச வேண்டும் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஒளிபரப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாள். அந்த ஆள் வருந்தவில்லை, நான் அவனை வருந்த வைத்துவிட்டேன், அது தப்பான மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொன்னேன். அவன் சொந்தக் குரலைத் தனியாகப் போட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சனிக்கிழமை காலை கூடத்தை ஒழித்துக் கொடுத்தாள்.

அன்று நான் யார் குரலையும் எடுக்கவில்லை. கிடங்கில் எந்தப் பெட்டி எந்த விமானத்துக்கு என்று சொல்வேனே, அந்தக் குரலில் பேசினேன். ஒரு மூச்சும் கூடுதலாக விடவில்லை. "பிறகு எல்லோரும் சாப்பிடப் போனோம்." மேலே ஏறவோ கீழே இறங்கவோ அதில் ஒன்றுமில்லை. இம்முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. இயக்குநர் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஒரு மாதிரி சில்லென்று இருக்கிறது அங்கிள் என்றாள். போதும் என்று எழுந்தேன். இதுவும் நல்ல வேலைதான். யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தே செய்த முதல் வேலை.

அண்ணனுக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினேன். நீல நிறத்தில் பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. எங்களுக்குள் இத்தனை நாள் பேச்சில்லாமல் இருந்ததே கிடையாது. நான் தைரியமான ஆள்தான், ஆனால் அந்த இரண்டு வாரமும் அண்ணனை இழந்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணி போன் செய்தார். நடுப்பாகம் ஒளிபரப்பாகும் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துவிடுங்கள், சித்தப்பா டிவியில் வருகிறார் என்று பிள்ளை ஆசைப்படுகிறாள் என்றார். அண்ணனும் வரச் சொன்னாரா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டில் எப்போதும் போலத்தான் இருந்தார். எனக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தார், மீன் துண்டு பெரியதாகப் பார்த்து வைத்தார். நிகழ்ச்சி ஆரம்பித்ததும் அவர் மகள் தட்டோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருபத்தைந்து வயதாகிறது, வங்கியில் வேலை. என் குரல் வந்ததும் திரும்பிப் பார்த்து, கிரீப்பியா இருக்கு சித்தப்பா, சூப்பர் என்றாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடப் போனோம் என்ற வரி வந்தது, போனது. அவர் தலையை லேசாக ஆட்டினார். எனக்கு அது போதும் என்றிருந்தது. அதற்குமேல் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

திரையில் அந்த ஆள் நீதிமன்றத்துக்குப் போகிற காட்சி வந்தது. மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் சித்தப்பா இவன் போலீஸ்கிட்ட போனான்? பயந்துட்டானா?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் இடது கையால் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினார். அடுப்படியில் இருந்த அண்ணி வாசலுக்கு வந்து நின்றார்.

"அவன் ஏன் போனான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் ஏன் போனேன்னு சொல்றேன்."

அவள் சிரித்தாள். வேடிக்கையாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். போலீஸ் நிலையத்திலிருந்து அவர் ஆரம்பிக்கவில்லை. மற்றவர்கள் செய்ததிலிருந்தும் ஆரம்பிக்கவில்லை.

"ஒரு பையன நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.